ஒப்பீட்டுக் குழுவே நோயுற்றபோது: தேரைகளின் அழுத்த ஹார்மோன் ஆய்வு பற்றிய ஒரு நிகழ்வுப் பதிவு

பின்னணி

தவளை, தேரை போன்ற இருவாழ்விகளின் உடலியங்கியலை ஆராயும் சிறிய குழு ஒன்றில் நடந்தது இது. குழுவில் நான்கு பேர் இருந்தோம்: ஆய்வுத் தலைவர், முனைவர் பட்ட மாணவி, விலங்குக் காப்பாளர், ஹார்மோன் அளவீட்டைப் பார்த்துக்கொண்ட நான். கால்நடை மருத்துவர் ஒருவர் அழைத்தால் வருவார். ஒரு பருவத்தில் 48 தேரைகளோடு தொடங்கிய சோதனை பாதியில் நின்றது. ஐந்து தேரைகள் இறந்தன. அடுத்த பருவத்தில் வேறு வகையில் மீண்டும் தொடங்கினோம். இடையில் எடுத்த முடிவுகளில் சிலவற்றுக்கு நல்ல காரணம் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. இரண்டையும் எழுதுகிறேன்.

தலைவரின் கேள்வி எளிமையானது. அழுத்த ஹார்மோன் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் தேரையின் நோய் எதிர்ப்புத் திறன் குறைகிறதா? இந்தக் கேள்விக்கு அவசரமான ஒரு காரணமும் உண்டு. 1998இல் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் தவளைகள் கூட்டமாக இறந்ததற்குத் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சைதான் காரணம் என்று தெரியவந்தது. மறு ஆண்டே அதற்குப் பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாடிடிஸ் என்று பெயரிட்டார்கள். கைட்ரிட் பூஞ்சை என்றால் இத்துறையில் எல்லோருக்கும் புரியும். 2019இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி இந்த நோயால் குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் சரிந்திருக்கின்றன, அவற்றில் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. ஆனால் பூஞ்சை வந்த இடத்தில் எல்லா இனங்களும் சாவதில்லை. ஒரே இனத்திலும் ஒரு குளத்துத் தவளைகள் பிழைக்கின்றன, இன்னொரு குளத்தில் மடிகின்றன. அந்த வேறுபாட்டில் அழுத்தத்துக்குப் பங்கு உண்டா என்று பலர் தேடிவருகிறார்கள். நாங்களும் அந்தத் தேடலில்தான் இருந்தோம்.

ஹார்மோன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சைகை அனுப்புகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இரத்தத்தில் விடும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தை அடைகிறது. மனிதர்களுக்குச் சிறுநீரகத்தின் மேல் தனியாக அட்ரீனல் சுரப்பி இருப்பதுபோல் தேரைக்கு இல்லை. அதற்கு ஈடான திசு சிறுநீரகத்தோடு ஒட்டியே கிடக்கிறது, இன்டர்ரீனல் திசு என்பார்கள். அங்கிருந்து கார்டிகோஸ்டிரோன் சுரக்கிறது. மனித உடலில் கார்டிசால் செய்யும் வேலையில் பெரும்பகுதியை தேரையில் இது செய்கிறது.

இதைக் கெட்ட ஹார்மோன் என்று நினைப்பது தவறு. குளம் வற்றத் தொடங்கினால் சில இனங்களின் தலைப்பிரட்டைகள் உருமாற்றத்தை விரைவாக முடித்துக் கரையேறிவிடும். தைராய்டு ஹார்மோனோடு சேர்ந்து அந்த விரைவைத் தருவது இதே கார்டிகோஸ்டிரோன்தான். வளர்ந்த தேரையிலும் அது சிறிது நேரம் உயர்ந்தால் உடலின் ஆற்றலைத் திரட்டித் தரும், வெள்ளையணுக்களைத் தேவைப்படும் இடத்துக்கு நகர்த்தும். உயர்ந்தது இறங்காமல் நாள்கணக்கில் நிற்கும்போதுதான் கணக்கு மாறுகிறது என்பது கருத்து. அதைத்தான் சோதிக்க நினைத்தோம்.

திட்டம்

மழைக்காலத் தொடக்கத்தில், இனப்பெருக்கக் குளம் ஒன்றிலிருந்து மூன்று இரவுகளில் 48 வளர்ந்த ஆண் தேரைகளைக் கொண்டுவந்தோம். தனித்தனி பிளாஸ்டிக் பெட்டி, ஈரமான காகிதத் துவாலை, ஒரு தண்ணீர்த் தட்டு. அடுக்குக்குப் பதினாறாக மூன்று அடுக்குகள், எல்லாம் ஒரே அறையில். பன்னிரண்டு மணிநேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணிநேரம் இருட்டு. வாரம் இருமுறை சிள்வண்டு உணவு.

முதல் 14 நாள் பழகுவதற்கு. அதன்பின் பாதித் தேரைகளின் முதுகில் கார்டிகோஸ்டிரோன் கலந்த எள் எண்ணெயைத் தினமும் துளியாக விடுவது, ஒப்பீட்டுக் குழுவான மறு பாதிக்கு வெறும் எள் எண்ணெய். தோல் வழியாகவே ஹார்மோன் உள்ளே போய்விடும், ஊசி தேவையில்லை, விலங்கைத் துன்புறுத்தாத முறை என்று துறையில் பெயரெடுத்தது. பத்து நாள் கழித்து இரத்தம் எடுத்து மூன்றைப் பார்ப்பது: கார்டிகோஸ்டிரோன் அளவு, வெள்ளையணுக்களின் விகிதம், இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மா எவ்வளவு பாக்டீரியாவைக் கொல்கிறது என்பது.

வெள்ளையணு விகிதம் என்பது வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையை இன்னொரு வகையான லிம்போசைட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண். அழுத்தம் நீடித்தால் இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் கூடும், லிம்போசைட்டுகள் குறையும், எண் உயரும். கார்டிகோஸ்டிரோன் நிமிடங்களில் ஏறிவிடும். இந்த விகிதமோ மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நகரும். இந்த வேறுபாடு பின்னால் எங்களுக்கு மிகவும் உதவியது. தவளை, தேரைகளின் சிவப்பணுக்களிலும் உட்கரு இருப்பதால் மனித இரத்தத்தை எண்ணும் தானியங்கிக் கருவி இங்கே உதவாது. சாயமிட்ட கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து நூறு வெள்ளையணுக்களைக் கண்ணால் எண்ண வேண்டும். மாணவி அதைப் பொறுமையாகச் செய்தார், எந்தத் தகடு எந்தத் தேரையுடையது என்று தெரியாதபடி எண்களை மறைத்து வைத்துக்கொண்டு.

பிடித்த முதல் இரவு, பழகிக்கொள்வதற்காகக் குளக்கரையிலேயே பத்துத் தேரைகளுக்கு இரத்தம் எடுத்து, அவற்றை அங்கேயே விட்டுவிட்டோம். திட்டத்தில் இல்லாத இந்தப் பத்து மாதிரிகள் இல்லையென்றால் பின்னால் நடந்த எதையும் புரிந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த இரவு ஒரு தேரையின் தோலிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கவில்லை. இது பூஞ்சை பற்றிய ஆய்வு இல்லையே என்று நினைத்தோம்.

பதினான்காம் நாள்

பழகும் காலம் முடிந்து, எண்ணெய் விடுவதற்கு முன் எல்லாத் தேரைகளுக்கும் இரத்தம் எடுத்தோம். அன்று மாலை ஓர் எண்ணைக்கூட நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கார்டிகோஸ்டிரோன் சராசரி, குளக்கரையில் எடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். வெள்ளையணு விகிதமும் உயர்ந்திருந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் திறன் குறைந்திருந்தது. பெரும்பாலான தேரைகள் எடையும் இழந்திருந்தன. ஹார்மோனே கொடுக்காத நிலையில், நாங்கள் உண்டாக்க நினைத்த அதே நிலை அறையில் இருந்த எல்லாத் தேரைகளுக்கும் ஏற்கெனவே வந்திருந்தது.

காப்பாளர் இதை ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தார். "மேடம், இதுங்க ஒளியவே இடம் இல்லாம தண்ணித் தட்டுலேயே உக்காந்திருக்கு. பாதி சிள்வண்டு அப்படியே கிடக்கு." அவருடைய குறிப்பேட்டில் தேதியோடு எழுதியும் வைத்திருந்தார். அந்தக் குறிப்பேடு எங்கள் தரவுத் தாளோடு சேர்க்கப்படவில்லை. தரவுத் தாளில் எடைக்கும் இரத்தத்துக்கும்தான் கட்டம் இருந்தது.

பதினைந்தாம் நாள் காலை கூடிப் பேசினோம். நிறுத்துவதா, தொடர்வதா? தலைவர் தொடரலாம் என்றார். அவர் சொன்ன காரணங்கள்: பிடிப்பதற்கான அனுமதி அந்தப் பருவத்துக்கு மட்டும்தான், இனப்பெருக்கக் காலம் முடிந்துவிட்டால் ஆண்களின் ஹார்மோன் நிலையே மாறிவிடும், இரண்டு வாரப் பழக்கம் என்பது இத்துறையில் வழக்கமாக ஏற்கப்படுவது, ஒப்பீட்டுக் குழுவும் அதே அறையில் இருப்பதால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு செல்லும். நான் மறுக்கவில்லை. கடைசிக் காரணம் அப்போது சரியாகவே பட்டது. இன்று அது தவறு என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பாத்திரம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் இன்னொரு குவளை ஊற்றி என்ன கூடியது என்று பார்க்க முடியாது. ஒப்பீட்டுக் குழுவிலேயே ஹார்மோன் உச்சத்தில் இருக்கும்போது, வேறுபாடு எதுவும் தெரியாமல் போவதையும், ஹார்மோனுக்கு விளைவே இல்லை என்பதையும் பிரித்தறிய வழி இல்லை.

சிவந்த தொடைகள்

பத்தொன்பதாம் நாள், மூன்றாம் அடுக்கில் ஒரு தேரையின் பின்னங்கால்களின் உட்புறத்தில் சிவப்புப் படர்ந்திருந்தது. புரட்டினால் உடனே திரும்பவில்லை. அடுத்த நாள் இன்னும் இரண்டு. சிவந்த கால் நோய் என்று பழைய பெயர் உண்டு. ஏரோமோனாஸ் போன்ற, தண்ணீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள் உடலுக்குள் நுழைந்து இரத்தத்தில் பெருகும்போது இப்படித் தெரியும். அந்தப் பாக்டீரியா நீர்நிலைகளில் பரவலாக உண்டு, நலமான தேரைகளும் அதைச் சுமப்பதுண்டு. எனவே சிவந்த காலைப் பார்த்தால் பாக்டீரியா எங்கிருந்து வந்தது என்று தேடுவதைவிட, இதுவரை அதைத் தடுத்துக்கொண்டிருந்த தடுப்பு ஏன் உடைந்தது என்று கேட்பது பயன் தரும்.

இருபதாம் நாள் மருத்துவர் வந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது நோயைப் பற்றி இல்லை. சுத்தம் செய்யும்போது தேரைகளை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். காப்பாளர் ஒரு வாளியைக் காட்டினார். தினமும் காலையில் ஒவ்வொரு அடுக்குத் தேரைகளையும் ஒவ்வொன்றாக அந்த வாளித் தண்ணீரில் விட்டு, பெட்டியைக் கழுவி, திரும்ப வைப்பார். ஓர் அடுக்கு முடியும்வரை தண்ணீர் மாற்றுவதில்லை. அப்படித்தான் நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

கைட்ரிட் பூஞ்சையின் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. மருத்துவர் அன்றே 48 தேரைகளின் வயிறு, தொடை, விரலிடைச் சவ்வு ஆகியவற்றில் பஞ்சுக் குச்சி தடவி, பூஞ்சையின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். ஒவ்வொரு தேரைக்கும் புதுக் கையுறை. சிவந்த மூன்றையும் தனி அறைக்கு மாற்றினோம். வாளியை எடுத்துவிட்டோம். பெட்டிகளையும் தரையையும் ப்ளீச்சால் கழுவினோம், கருவிகளைக் காய வைத்தோம். இந்தப் பூஞ்சைக்கு வறட்சி ஆகாது. எண்ணெய் விடுவதை அன்றோடு நிறுத்தினோம். ஐந்து நாள் முன்பு தொடரலாம் என்று உறுதியாக இருந்த தலைவர் இம்முறை ஒரு நொடியும் தயங்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் முடிவு வந்தது. ஒன்பது தேரைகளில் பூஞ்சை இருந்தது. ஒன்பதில் ஆறு மூன்றாம் அடுக்கில் இருந்தவை. ஒரே வாளித் தண்ணீர் வழியே அது பரவியிருக்க வேண்டும் என்பதற்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

தேரை தோலாலும் மூச்சுவிடுகிறது, தண்ணீரையும் உப்புகளையும் தோல் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பூஞ்சை தோலில் பெருகும்போது இந்தப் போக்குவரத்து குலைகிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது என்பதை 2009இல் தவளைகளில் காட்டினார்கள். எங்களிடம் இறந்த ஐந்தில் நான்கு பூஞ்சை கண்டவை. ஐந்தாவதன் இரத்தத்தில் பாக்டீரியா மட்டும்தான் வளர்ந்தது.

மருந்தா, தரவா

அன்று மாலை நடந்த பேச்சுதான் இந்த நிகழ்வின் நடுப்பகுதி. இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, அறையின் வெப்பத்தை உயர்த்துவது. இந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளரும், 30 டிகிரிக்கு அருகில் தளர்ந்துவிடும். வெப்பத்தால் தவளைகளைக் குணப்படுத்தியவர்கள் உண்டு. ஆனால் தேரை வெளி வெப்பத்துக்கு ஏற்ப உடல் வெப்பம் மாறும் விலங்கு. அறையின் வெப்பம் உயர்ந்தால் அதன் செரிமானம், ஹார்மோன், வெள்ளையணுக்கள் எல்லாமே வேறு வேகத்தில் ஓடத் தொடங்கும். ஏற்கெனவே சாப்பிடாமல் எடை இழந்திருக்கும் தேரைக்கு அது கூடுதல் சுமை என்றார் மருத்துவர்.

மற்றொன்று, இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த நீரில் தினமும் ஐந்து நிமிடம் குளிப்பாட்டுவது, 11 நாள். பலர் பயன்படுத்தித் தேறிய முறை. இதில் இன்னொரு சிக்கல், அதைச் சொன்னது நான். இந்த வகை மருந்துகள் பூஞ்சையில் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. உடலில் ஸ்டிராய்டு ஹார்மோன்களைச் செய்யும் நொதிகளில் பலவும் அதே குடும்பம்தான். இதற்கு உறவான கீட்டோகொனசோலை மனிதர்களில் கார்டிசாலைக் குறைக்கவே மருந்தாகக் கொடுக்கிறார்கள். இட்ராகொனசோலில் அந்த விளைவு மிகக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் இந்த மருந்தில் நனைந்த தேரையின் கார்டிகோஸ்டிரோனை அளந்து, அதை வைத்து ஒரு முடிவு சொல்ல நான் தயாராக இல்லை.

பூஞ்சை இல்லாத 39 தேரைகளை மட்டும் தனியே வைத்துச் சோதனையைத் தொடரலாமா என்ற பேச்சும் எழுந்தது. எதிர்மறைச் சோதனை முடிவு எப்போதும் பூஞ்சையே இல்லை என்பதற்கு உறுதி இல்லை. தொற்றின் தொடக்கத்தில் பஞ்சுக் குச்சியில் சிக்காமல் போகலாம். அவையும் அந்த வாளியில் இறங்கி எழுந்தவைதான். தலைவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, எல்லாவற்றுக்கும் மருந்து கொடுப்போம், இந்தப் பருவத்தின் சோதனை இதோடு முடிந்தது என்றார். ஓராண்டு வேலையை மாணவி அந்த ஒரு வாக்கியத்தில் இழந்தார். அதை ஏற்றுக்கொண்டு, மறுநாள் காலை முதல் குளியல் பட்டியலை எழுதியவரும் அவர்தான்.

இருபத்து மூன்றாம் நாள் தொடங்கி முப்பத்து மூன்றாம் நாள்வரை குளியல் நடந்தது. செறிவை மருத்துவர் குறைத்தே வைத்தார். ஏற்கெனவே நலிந்திருந்த ஐந்தும் முதல் வாரத்துக்குள் இறந்தன. மற்றவை ஒவ்வொன்றாகச் சாப்பிடத் தொடங்கின. இரண்டு வார இடைவெளியில் இருமுறை சோதித்தோம், 43 தேரைகளிலும் பூஞ்சை இல்லை.

மாணவி கண்டுபிடித்தது

சோதனை நின்றபின் பதினான்காம் நாள் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாணவி. அவற்றைத் தேரை எண் வரிசையில் இல்லாமல், அன்று இரத்தம் எடுத்த வரிசையில் அடுக்கிப் பார்த்தார். வரைபடம் படிக்கட்டுபோல் ஏறியது. ஒவ்வொரு அடுக்கிலும் முதலில் எடுத்த மூன்று நான்கு தேரைகளின் கார்டிகோஸ்டிரோன் குளக்கரை அளவுக்கு அருகில் இருந்தது. கடைசியாக எடுத்தவற்றில் மிக உயரம்.

ஒவ்வொரு தேரைக்கும் கையில் பிடித்ததிலிருந்து நான்கு நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்திருந்தோம். அடிப்படை அளவு வேண்டுமானால் மூன்று நிமிடத்துக்குள், அதிகம் போனால் ஐந்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது முதுகெலும்புள்ள விலங்குகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் நெறி. அதைக் கடைப்பிடித்ததாகவே நம்பினோம். ஆனால் கடிகாரத்தை ஓடவிட்டது பெட்டியைத் திறந்தபோது. தேரைக்கோ அறைக் கதவு திறந்ததும், விளக்கு எரிந்ததும், பக்கத்துப் பெட்டி ஆடியதும் தொடக்கம். பதினாறாவது தேரையை எடுக்கும்போது கதவு திறந்து ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கார்டிகோஸ்டிரோன் உச்சத்துக்கு ஏற அந்த நேரமே போதும்.

அப்படியானால் அழுத்தமே இல்லை, எல்லாம் அளவீட்டுப் பிழைதானா? ஒரு நாள் முழுதும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அதே வரிசையில் வெள்ளையணு விகிதத்தை அடுக்கியபோது படிக்கட்டு இல்லை. முதல் தேரையும் பதினாறாவதும் ஒன்றுபோலவே உயர்ந்திருந்தன. ஒரு மணிநேரத்தில் அது அவ்வளவு நகராது. பாக்டீரியாவைக் கொல்லும் திறனிலும் வரிசையின் தடம் இல்லை. ஆக இரண்டும் உண்மை. ஹார்மோன் எண்ணில் பெரும்பகுதி எங்கள் கைவேலை. அதற்கு அடியில், நாள்கணக்கில் நீடித்த உண்மையான அழுத்தமும் இருந்தது. கார்டிகோஸ்டிரோனை மட்டும் அளந்திருந்தால் முதலாவது பிழையையே கண்டுபிடிப்பு என்று எழுதியிருப்போம். அந்த எண்ணம் இன்றும் என்னைத் தொந்தரவு செய்கிறது, ஏனென்றால் அளந்தவன் நான்.

அந்த 43 தேரைகள்

அவற்றைக் குளத்தில் விட முடியாது. ஆய்வகத்தில் பிற விலங்குகளோடு ஒரே கூரையின்கீழ் இருந்து, நோய் கண்டு, மருந்து பெற்றவற்றைத் திரும்ப விடுவது குளத்தில் இருக்கும் மற்ற தேரைகளுக்கு ஆபத்து. நெறிமுறைக் குழுவும் அதையே சொன்னது. 18 தேரைகளை நிரந்தரமாக வைத்துக்கொண்டோம். 25 தேரைகளை எம்எஸ்-222 மயக்க மருந்தின் மிகுந்த செறிவில், வலியில்லாமல் இறக்கச் செய்து, சிறுநீரகம், மண்ணீரல், தோல் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்தோம், அந்தத் திசுக்களுக்காக இன்னொருவர் புதிதாகத் தேரை பிடிக்க வேண்டியதில்லை என்பதற்காக. சரியான முடிவு என்றே நம்புகிறேன். எளிதான முடிவு இல்லை.

வைத்துக்கொண்ட 18 தேரைகளோடு காப்பாளர் பெட்டிகளை மாற்றிப் பார்த்தார். காகிதத் துவாலைக்குப் பதில் தோண்டிப் புதைந்துகொள்ளும் அளவுக்கு மண். கவிழ்த்த அரைச்சட்டி ஒன்று மறைவிடமாக. பக்கச் சுவர்கள் ஒளிபுகாதவை. தினமும் கழுவாமல், அழுக்கான இடத்தை மட்டும் எடுத்துவிடுவது. தேரையைக் கையால் தொடுவது வாரம் ஒருமுறை எடை பார்க்கும்போது மட்டும். இரண்டு வாரத்தில் பெரும்பாலானவை சாப்பிட்டன, சில இரவில் குரலும் கொடுத்தன. இந்தப் பகுதியின் பெருமை முழுக்க அவருடையது.

இரண்டாம் பருவம்

அடுத்த மழைக்காலத்தில் 24 தேரைகள்தான். ஒவ்வொன்றையும் பிடித்த இடத்திலேயே, பைக்குள் போடுமுன், தோலில் பஞ்சுக் குச்சி, ஒரு துளி இரத்தம், எடை. முடிவு வரும்வரை தனிமை. ஒன்றில் பூஞ்சை இருந்தது, அதை எடுத்துக்கொள்ளவில்லை.

குளக்கரை அளவைப் பற்றியும் இம்முறை கவனமாக இருந்தோம். குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆண்களில் கார்டிகோஸ்டிரோன் இயல்பாகவே உயர்ந்திருக்கும். இரவெல்லாம் கத்துவது பெரும் உழைப்பு, அதற்கான ஆற்றலைத் திரட்ட அந்த ஹார்மோன் வேண்டும். முதல் பருவத்தில் நாங்கள் இயல்பு என்று வைத்துக்கொண்ட பத்து மாதிரிகளும் கத்திக்கொண்டிருந்தவை. இம்முறை குளத்தை விட்டுத் தள்ளி, குரல் கொடுக்காமல் இரை தேடிக்கொண்டிருந்த ஆண்களிடமும் எடுத்தோம். இரண்டும் வேறுவேறாகவே இருந்தன. ஓய்விலிருப்பதை ஒப்பிட்டால், முதல் பருவத்துச் சிறைவாழ்வின் அழுத்தம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம் என்று தெரிந்தது.

இரத்தம் எடுக்க ஒரு நாளில் அறைக்கதவு ஒரே முறை திறக்கும், நான்கு தேரைகளோடு நிறுத்தம். கடிகாரம் கதவில் கைவைத்ததும் தொடங்கும். பதினான்காம் நாள் கார்டிகோஸ்டிரோன் பெரும்பாலான தேரைகளில் ஓய்வு அளவுக்கு அருகில் வந்திருந்தது. வெள்ளையணு விகிதம் இறங்கியிருந்தது, ஆனால் குளத்து அளவைத் தொடவில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் திறன் இன்னும் குறைவாகவே இருந்தது. ஹார்மோன் அடங்கியபின்னும் நோய் எதிர்ப்பு மீளாதது எங்களுக்கு வியப்பு. உணவின் வகை, தோலில் வாழும் பாக்டீரியாக்கள் மாறுவது, நிலவொளியும் மழையும் இல்லாத அறை என்று பல காரணங்களைப் பேசினோம். எதையும் சோதிக்கவில்லை.

பிறகு எண்ணெய் விட்டோம். கார்டிகோஸ்டிரோன் பெற்ற குழுவில் ஹார்மோன் உயர்ந்தது, லிம்போசைட்டுகள் குறைந்தன. பாக்டீரியாவைக் கொல்லும் திறனில் இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. தலைவர் அதை அப்படியே எழுதினார். முதல் பருவத்தின் தோல்வியும் வரிசைப் படமும் அதே கட்டுரையில், பின்னிணைப்புக்குத் தள்ளாமல், முதன்மைப் பகுதியிலேயே இடம்பெற்றன. ஒரு நோயும் வரவில்லை, ஒரு தேரையும் இறக்கவில்லை.

என்ன மாற்றினோம், எது மாறாமல் நிற்கிறது

காப்பாளரின் குறிப்பேடு இப்போது தரவின் பகுதி. சாப்பிட்டதா, எங்கே உட்கார்ந்திருக்கிறது, தொட்டால் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு தேரைக்கும் தினம் ஒரு வரி. ஒப்பீட்டுக் குழுவின் எண்கள் குளத்து அளவிலிருந்து விலகினால் சோதனை தொடங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு வைக்கிறோம், ஏனென்றால் அனுமதிக் காலம் முடியப்போகிற நாளில் அந்த முடிவைத் தெளிவாக எடுக்க முடியாது என்பதைப் பார்த்துவிட்டோம். மாதிரி எடுத்த வரிசை எண்ணும் கதவு திறந்த நேரமும் எல்லாத் தாளிலும் இருக்கின்றன. கருத்தரங்குகளில் பிறருடைய படங்களைப் பார்க்கும்போது முதலில் நான் கேட்பதும் அதைத்தான். பலருக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முடியவில்லை. முதல் பருவத்தில் அழுத்தத்தால் தடுப்பு தளர்ந்து பூஞ்சை பெருகியதா, அல்லது பூஞ்சை முதலில் பரவி அந்த அழுத்தத்தில் ஒரு பங்கை உண்டாக்கியதா? கைட்ரிட் தொற்று முற்றும்போது கார்டிகோஸ்டிரோனும் உயர்கிறது என்பது தவளைகளில் பதிவான ஒன்று. பூஞ்சை கண்ட ஒன்பது தேரைகளின் பதினான்காம் நாள் வெள்ளையணு விகிதத்தைப் பூஞ்சை காணாதவற்றோடு ஒப்பிட்டோம், வேறுபாடு இல்லை. அழுத்தம் முந்தையது என்று அது சாய்கிறது. ஆனால் பதினான்காம் நாள் யாருடைய தோலில் எவ்வளவு பூஞ்சை இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. எந்தத் தேரை அதைக் குளத்திலிருந்து கொண்டுவந்தது என்பதும் தெரியாது. பிடித்த அந்த மூன்று இரவுகளில் ஒரு தேரைக்கு அரை நிமிடம் செலவிட்டிருந்தால் போதும். இரத்தக் குழாய்கள் இருந்த அதே பெட்டியில், பிரிக்காத பஞ்சுக் குச்சிப் பொட்டலம் ஒன்றும் அப்போது இருந்தது.